கரு லாரி

சங்கு அலறியது. எழுத்தாளர் காலனியில் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால். கரு லாரி வந்துவிட்டது.

வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். டாங்கியின் பக்கவாட்டில் ஆறாயிரம் லிட்டர் என்று எழுதியிருக்கும். அறுபது குடத்துக்குமேல் தேறாது. காலனியில் இருந்த எழுத்தாளர்கள் அறுபத்தொரு பேர். அவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். போன மாதம் பொன்னாடை போர்த்தப்பட்டவர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

கரு நீர்மோர் நிறத்தில் இருக்கும். நனைந்த செய்தித்தாள் வாசனை அடிக்கும். குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதும் அதில் மூன்று பங்கு தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். தொடர்கதையில் கதாநாயகி மாடிப்படி இறங்க இரண்டு வாரம் ஆவது அதனால்தான்.

லாரியும் ஒன்று, குழாயும் ஒன்று. ஆகவே அந்த வருடம் எல்லா வார இதழ்களிலும் எல்லாத் தொடர்களிலும் ஓர் இரட்டைப் பிறவி இருந்தான். அது காலத்தின் குரல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். லாரி ஓட்டுநர் தாவூத் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவன் கதை படிப்பதில்லை.

சங்கு ஊதியபோது கார்வண்ணன் போனில் இருந்தார். இருபத்தெட்டு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறவர். உண்மையான பெயர் ஏகாம்பரம். அது மின்சார ரசீதில் மட்டும் வரும். அவரை ஒரு கல்லூரிப் பெண் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்குது?"

"அது ஒரு தவம்மா." கார்வண்ணன் கண்களை மூடிக்கொண்டார். "மழை பெய்யும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். கையில ஒரு டம்ளர் காபி. திடீர்னு ஒரு வரி வந்து தோளைத் தொடும்."

"தொட்டதும் என்ன பண்ணுவீங்க சார்?"

"அழுவேன்."

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தன் புத்தகங்களை அடுக்க இடம் போதவில்லை என்று எட்டு வருடத்துக்கு முன்பே செங்கல் வைத்து அடைத்துவிட்டார். காபியும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வாயு.

அவர் மனைவி செண்பகவல்லி கதவருகே வந்து நின்றாள். "லாரி வந்தாச்சு. போய்க் குடத்துக்குப் பின்னாடி நில்லுங்க."

கார்வண்ணன் அவளைப் போகும்படி கையை ஆட்டினார். போனில் சொன்னார்: "என் மனைவி என் தவத்தைக் கலைக்கவே மாட்டாம்மா. அவ ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல."

"கேட்டதில்லதான்" என்றாள் செண்பகவல்லி. உள்ளே போய்விட்டாள்.

காலனியில் ஒரு விதி உண்டு. முதல் நாளே குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடிக்கலாம். ஆனால் குழாய் வரும்போது குடத்துக்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டும். ஆளில்லாத குடத்தை யாரும் காலால் தள்ளிவிடலாம். காலனியில் இதுவரை எழுதப்படாத விஷயம் இந்த விதி ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள்.

கார்வண்ணனின் பச்சைக் குடம் மூன்றாவதாக இருந்தது. அவர் கண்ணீரைப் பற்றி விளக்கி முடித்து வெளியே வந்தபோது அறுபத்தோராவதாக இருந்தது.

"என் குடத்தை யாரு தள்ளினது?"

"நான்தான்" என்றார் நிலாமகள்.

நிலாமகள் ஐம்பத்தெட்டு வயது ஆண். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அடர்த்தியான மீசை. பெண் மனதைப் பெண்ணால்தான் எழுத முடியும் என்பதற்கு அவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள்.

"கூப்பிட்டேன் ஓய். நீர் போன்ல அழுதுக்கிட்டு இருந்தீர்."

"நான் இருபத்தெட்டு வருஷமா எழுதறேன்."

"அதைத்தான் எல்லாரும் சொல்லி வருத்தப்படறாங்க."

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் குடத்தைத் துணியால் மூடி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பக்கத்துக் குடத்தை எட்டிப் பார்த்தபடி போனார்கள். இரண்டு நாவலாசிரியர்கள் நுரை யாருக்கு என்று சண்டை போட்டார்கள். அறுபதாவது குடத்தோடு டாங்கி தீர்ந்தது. கார்வண்ணனின் முறை வந்தபோது குழாய் இருமியது. குடத்துக்குள் ஏதோ ஒன்று டங்கென்று விழுந்தது. கையை விட்டு எடுத்தார். ஒரு தபால்காரனின் சைக்கிள் மணி. தபால்காரன் இல்லை. துருப்பிடித்த மணி மட்டும்.

"இதை வெச்சு ஒரு அத்தியாயம் எழுத முடியாதா?" என்று தாவூத் கேட்டான்.

கார்வண்ணன் யோசித்துப் பார்த்தார். போன வருடம் எழுதிவிட்டார்.

அப்போது போன் அடித்தது. அவருடைய தொடருக்குப் படம் போடும் ஓவியர் ஜெயபால்.

வார இதழில் ஒரு வழக்கம். அத்தியாயம் எழுதுவதற்கு முன்பே படம் போட்டுவிடுவார்கள். எழுத்தாளர் கடைசி நிமிஷம்வரை எழுத மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அட்டை அச்சு அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் ஓவியர் மனதுக்குத் தோன்றியதை வரைந்துவிடுவார். எழுத்தாளர் அந்தப் படம் வரை கதையை இழுத்துக்கொண்டு வருவார்.

"படம் போட்டாச்சு சார்" என்றார் ஜெயபால்.

"என்ன படம்?"

"ஒரு ஆளு. வாயைத் திறந்துட்டு நிக்கிறான்."

"எதுக்கு?"

"அது உங்க வேலை சார். நாலு மணிக்குள்ள எழுதி அனுப்பிடுங்க. இல்லேன்னா உங்க தொடரை இந்த வாரமே நிலாமகள்கிட்ட கொடுத்து முடிக்கச் சொல்லப்போறதா ஆபீஸ்ல பேச்சு. என் படத்தை மட்டும் மாத்த மாட்டாங்களாம்."

கார்வண்ணன் தெருக்கோடியைப் பார்த்தார். நிலாமகள் குடத்தோடு தன் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். மீசையில் ஒரு துளி கரு தொங்கியது. அதை நாக்கால் எடுத்துக்கொண்டார்.

லாரி கிளம்பியது. கார்வண்ணன் குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் முன்பக்கம் தொற்றி ஏறினார்.

"எங்க சார்?" என்றான் தாவூத்.

"இதை எங்கப்பா நிரப்பறீங்க?"

"இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்டதில்லையே சார்."

"இப்ப நான் கேக்கறேன்."

"குடம் காலியானாத்தான் கேப்பீங்க போல."

லாரி ஊரைத் தாண்டி ஓடியது. பிறகு அதே ஊரை இன்னொரு பக்கமாகத் தாண்டியது. மூன்றாவது தடவை தாண்டியபோது ஒரு பழைய மஞ்சள் கட்டடம் இருந்தது. வாசலில் பலகை: நிரப்பும் இடம். கீழே சின்ன எழுத்தில்: உள்ளே துப்பாதீர்.

வாசலில் நீளமான வரிசை நின்றது. ஒரு பஸ் கண்டக்டர். கூடையோடு ஒரு மீன்காரம்மா. யூனிபார்ம் போட்ட ஒரு நர்ஸ். கல்யாணப் பட்டுப்புடவையில் தனியாக ஒரு பெண். ஒவ்வொருவராக உள்ளே போய், கொஞ்ச நேரத்தில், இறுகக் கட்டிய எதையோ அவிழ்த்துவிட்ட மாதிரி தோள் தளர்ந்து வெளியே வந்தார்கள்.

கார்வண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக மக்களைப் பற்றி எழுதுகிறவர். மக்களைப் பார்க்கும் பழக்கம் இல்லை. வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"வரிசையில வாய்யா" என்றாள் மீன்காரம்மா.

"நான் எழுத்தாளர்."

"ஓ. வாங்கறவனா? அப்ப போ, போ." அவள் ஒதுங்கிக்கொண்டாள். மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

உள்ளே ஒரு நடைபாதை. இருபதடி நீளம். கோடியில் கவுண்டர் தெரிந்தது. கார்வண்ணன் நடந்தார். நடக்கும்போது, 'விதியைப் போல் நீண்டு கிடந்த நடைபாதை' என்று நினைத்துக்கொண்டார். நடைபாதை நாற்பதடி ஆனது. 'கைம்பெண்ணின் நெற்றியைப் போல் வெறிச்சோடிய சுவர்' என்று நினைத்தார். எண்பதடி ஆனது.

சுவரோரம் ஸ்டூலில் ஒரு பியூன் உட்கார்ந்திருந்தார். "சார், உவமை யோசிக்காதீங்க."

"ஏன்?"

"போன மாசம் ஒரு கவிஞர் உள்ள வந்தார். இன்னும் நடந்துக்கிட்டு இருக்கார்."

காதைத் தீட்டிக் கேட்டால், எங்கோ வெகுதூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

கார்வண்ணன் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நடந்தார். பதினேழாம் வாய்ப்பாடு முடிந்தபோது கவுண்டர் வந்துவிட்டது.

கம்பிக்குப் பின்னால் சூசையம்மா என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர், சட்டையில் குத்திய தகட்டில் இருந்தது. எதிரே தலையணை கனத்தில் ஒரு பேரேடு. பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். முகத்தில் எதுவும் இல்லை.

"குடம் நிரப்பணும்" என்றார் கார்வண்ணன்.

படிவம் ஒன்று வெளியே வந்தது. பெயர். புனைபெயர். உண்மையில் இருக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. இருப்பது யாருக்குத் தெரியும்.

மூன்றாவதில் ஆம் என்று எழுதினார். நான்காவதில் 'லட்சக்கணக்கான வாசகர்களுக்கு' என்று எழுதினார்.

சூசையம்மா அதை அடித்தார். "வாசகர் செல்லாது. நேர்ல பார்க்கிறவங்க பேரு எழுதுங்க."

கார்வண்ணன் யோசித்தார். செண்பகவல்லி என்று எழுதினார். வேறு பெயர் கிடைக்கவில்லை.

"சரி. இப்ப ஒண்ணு போடுங்க."

"என்ன போடணும்?"

"சொந்தமா ஒண்ணு. உங்களுக்கு நடந்தது. ஒண்ணு போட்டா ஒரு குடம். லாரியில வர்றது பொதுவுக்கு. நேர்ல வந்து வாங்கினா வெறுங்கையோட கிடையாது."

"வெளிய நிக்கிறவங்க எல்லாம் அதுக்குத்தானா?"

"அவங்க எதையும் வாங்க வரல சார். போட்டுட்டுப் போக வர்றாங்க."

"ஏன்?"

"வீட்டுல கேக்க ஆள் இல்ல."

கார்வண்ணன் இதை ஒரு நல்ல வரி என்று குறித்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

"எனக்கு அப்ப இருபது வயசு. ரயில்ல போறேன். எதிர் சீட்டுல ஒரு பொண்ணு. நீலத் தாவணி. அவ இறங்கும்போது கைக்குட்டையை விட்டுட்டுப் போயிட்டா. நான் ஓடிப்போய்க் கொடுக்கறதுக்குள்ள ரயில்..."

சூசையம்மா ஏற்கெனவே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "தொண்ணூத்தொண்ணு மார்ச் லோடு. போட்டது தாம்பரத்துக்காரர் ஒருத்தர். பதினேழு பேர் எழுதிட்டாங்க. நீங்க ஒன்பதாவது."

டப்பென்று ஸ்டாம்ப் விழுந்தது. அந்தப் பெண்ணின் முகம் கார்வண்ணனுக்கு மறந்துபோனது. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனாலும் அவள் உட்கார்ந்திருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"வேற?"

"என் பால்யம். வறுமை. தெருவிளக்குல படிச்சேன்."

"சார், தெருவிளக்குல படிச்சவங்க உங்களோட இருநூத்தெட்டு பேரு. அத்தனை பேரு நிக்க அந்தக் காலத்துல விளக்குக் கம்பமே கிடையாது. உங்க வீட்டுல கரன்ட் இருந்ததா, இல்லையா?"

"இருந்தது."

"ஃபேன்?"

"ஃபேனும் இருந்தது."

டப்.

தெருவிளக்கு அணைந்தது. மணி மூன்றேகால் என்று பியூன் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

அடுத்து, அம்மா பட்டினி கிடந்து தனக்குச் சோறு போட்டதைச் சொன்னார். அது ஒரு பீடி சுற்றும் தொழிலாளி போட்டது. டப். நண்பனின் துரோகத்தைச் சொன்னார். பேரேட்டில் துரோகம் செய்தவர் இடத்தில் கார்வண்ணன் பெயரே இருந்தது. டப். முதல் கதை வெளியான நாளில் கோயில் பிராகாரத்தில் அழுததைச் சொன்னார். சூசையம்மா பேரேட்டைத் திறக்கவே இல்லை. "இது யாருமே போடல சார். எல்லாரும் எடுத்துக்கிட்டதுதான்." டப்.

ஒவ்வொரு டப்புக்கும் கார்வண்ணனுக்குள் ஓர் அறை காலியானது. பேட்டிகளில் சொல்லும் எதுவும் இப்போது அவரிடம் இல்லை. ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்ததற்கு மிச்சம் ஒரு பச்சைக் குடமும் ஒரு சைக்கிள் மணியும்.

போன் அடித்தது. ஜெயபால்.

"சார், நிலாமகள் ஆரம்பிச்சுட்டாராம். வாயைத் திறந்துட்டு நிக்கிறவன் இரட்டைப் பிறவியாம். மூணு பக்கம் ஓடிடுச்சாம்."

"என் கதாநாயகியை என்ன பண்றார்?"

"கிணத்துல தள்ளியாச்சு சார்."

கார்வண்ணன் போனை வைத்தார். அவர் கதாநாயகிக்கு நீச்சல் தெரியும் என்று ஏழாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். அதை நிலாமகள் படித்திருக்க மாட்டார். காலனியில் யாரும் யாரையும் படிப்பதில்லை.

"அவ்வளவுதானா சார்?" என்றார் சூசையம்மா. "உள்ள ஒண்ணுமே இல்லேன்னா படிவத்துல மூணாவதைத் திருத்தணும். இல்லை-ன்னு."

அவர் பேனாவை நீட்டினார்.

கார்வண்ணன் பேனாவை வாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு" என்றார். "அது நல்லது இல்ல."

"நல்லதை யாரும் இங்க போட வர்றதில்ல. சொல்லுங்க."

"ஆறு வருஷம் முன்னாடி. செண்பகத்துக்கு மார்புல கட்டி. சதையெடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. ரிசல்ட் சொல்ற நாள். ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடி. பதினோராம் நம்பர் அறை வாசல்ல ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கோம்."

அவருக்கு உவமை எதுவும் வரவில்லை. நடைபாதை நீளவில்லை. சூசையம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நர்ஸ் பேரைக் கூப்பிட்டாங்க. செண்பகம் என் மணிக்கட்டைப் பிடிச்சா. எலும்பு நொறுங்கற மாதிரி. விரல் ஒவ்வொண்ணும் வெளுத்துப்போச்சு. எழுந்திருக்க முடியாம அப்படியே பிடிச்சிட்டு இருந்தா. நான்..."

"ம்."

"நான் அந்தக் கையை விலக்கினேன். பேனா எடுக்கறதுக்கு. பயந்தவங்க எப்படிப் பிடிப்பாங்கன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. மறந்துடக் கூடாதுன்னு மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி எழுதினேன். அவ தனியா உள்ள போனா. சாதாரணக் கட்டிதான்னு சொல்லிட்டாங்க. அவ வெளிய வந்து அதைச் சொன்னப்ப நான் மூணாவது வரியில இருந்தேன். 'ஒரு நிமிஷம் இரு'ன்னேன்."

"தொடர்ல வந்ததா?"

"இருபத்திரண்டாம் அத்தியாயம். நானூறு கடிதம் வந்தது. எல்லாத்தையும் அவகிட்ட படிச்சுக் காட்டினேன்."

கார்வண்ணன் அழுதார். ஜன்னல் இல்லை, மழை இல்லை, காபி இல்லை. மூக்கு ஒழுகியது. சொல்லி முடித்ததும் அவருக்கு இலேசாக இருந்தது. தான் எவ்வளவு கேவலமான ஆள் என்று நினைக்க உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கேவலமாவது சொந்தமாக இருக்கிறதே. குடத்தைத் தூக்கிக் கவுண்டரில் வைத்தார்.

சூசையம்மா பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். விரல் மெதுவாக இறங்கி ஒரு வரியில் நின்றது. அதை ஒரு தடவை படித்தார். படிவத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது உள்ள வந்த சரக்கு சார். ஆறு வருஷம் முன்னாடி, ஒரு வியாழக்கிழமை. செண்பகவல்லி, எழுத்தாளர் காலனின்னு கையெழுத்து இருக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை லாரியில உங்க குடத்துக்குத்தான் ஊத்தியிருக்கோம்."

"அவளும் போட்டிருக்கலாம்மா. அவளுக்கும் நடந்ததுதானே? நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். இதோ, இந்த மணிக்கட்டுதான்." சட்டைக் கையை ஏற்றிக் கம்பிக்குள் நீட்டினார்.

சூசையம்மா மணிக்கட்டைப் பார்க்கவில்லை. ஸ்டாம்பை எடுத்து, அதன்மேல் ஒரு தடவை ஊதி, பேரேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"மணிக்கட்டுன்னு எங்கயுமே இல்லையே சார். நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன், பக்கத்து நாற்காலி காலியா இருந்ததுன்னுதானே அந்தம்மா சொல்லியிருக்காங்க."